ஏழு சாக்குக் குப்பை

குப்பை இல்லையே என்று பதறிப்போய் நின்றவர்கள் இந்த மதுரையில் நம் ஸ்கூல் செட்டைத் தவிர வேறு யாராவது இருந்திருப்பார்களா என்று தெரியவில்லை. நாம் நின்றோம். உங்களில் பலருக்கு அது மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பழைய போட்டோ வந்தது. "மாப்ள, கால் நூற்றாண்டு ஆகப்போகுதுடா. கெட் டுகெதர் அன்னைக்கு அதே ஊருணியில அதே மாதிரி ஒரு கிளீனிங் போட்டா என்ன?" என்று ஒருவர் கேட்க, கட்டைவிரல்கள் வரிசையாக நிமிர்ந்தன. "லீடரம்மா பிளான் போடட்டும். அவ நோட்டு இல்லாம நம்மளால குனியக்கூட முடியாது" என்று இன்னொருவர். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. எதற்கெடுத்தாலும் முதல் ஆளாகப் பதில் போடுகிற லீடரம்மாவான நான் ஒரு வாரமாக வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டு ஞாபகம் இருக்கிறதா? நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கக் கோடு போட்ட நோட்டு. காக்கி அட்டை, அதன் மேல் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் ஒரு மரம். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு லீவு முடிந்து வந்ததும் அறிவியல் சார் சுற்றுச்சூழல் மன்றம் ஆரம்பித்தார். "ஊருணியைச் சுத்தம் பண்ணுவோமா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். அன்று சாயங்காலமே நோட்டு வாங்கியாயிற்று. பங்கேற்போர், பொருட்கள், முழக்கங்கள், வரைபடம் என்று பக்கம் பக்கமாகப் பிரித்தேன். ஊருணியின் நான்கு கரைகளையும் அடிஸ்கேல் வைத்து வரைந்து, எங்கே என்ன குப்பை என்று கலர் கலராகக் குறித்தேன். கீழ்ப்படியில் தண்ணீர் பாக்கெட்டும் டீ கப்பும். அரசமரத்தடியில் கற்பூர அட்டை, மாலை நார். மேற்குப் படியில் பாட்டில் சில்லு, பக்கத்துத் தெரு கிளினிக்கிலிருந்து வந்து விழுகிற ஊசி. பம்ப் ரூம் பக்கத்துக் கருவேல முள்ளில் யாரோ வீசிய கேசட் நாடா சுற்றிக்கொண்டு வெயிலுக்கு மினுமினுக்கும். அதையும் பழுப்பு ஸ்கெட்சில் சுருள் சுருளாக வரைந்திருந்தேன். ஒரு குளம் முழுக்கக் குப்பையாகக் கிடப்பதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட பிள்ளை வேறு இருந்திருக்காது.

கையுறை கிடைக்கவில்லை. மாட்டுத்தாவணிப் பக்கம் போய் விசாரித்த சார், "ஆஸ்பத்திரி கிளவுஸ்தான் இருக்கு, தொட்டா கிழியும்" என்று திரும்பி வந்தார். நான்தான் பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கையில் மாட்டி மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போடலாம் என்று சொன்னேன். நாற்பத்திரண்டு பேர் வீட்டுக் கொடியிலும் துணியோடு துணியாகப் பால் கவர்கள் காய்ந்தன. ஒத்திகையின்போது பி.டி. சார் விசிலை வைத்துக்கொண்டு "ஒன்னு, குனி! ரெண்டு, எடு! மூணு, போடு!" என்று டிரில் எடுத்தார். எடுப்பதற்கு மைதானத்தில் எதுவும் இல்லை. பழைய நோட்டைக் கிழித்துத் தூவச் சொன்னார். தூவினோம், எடுத்தோம், மறுபடி தூவினோம். யாருக்கும் அது வேடிக்கையாகப்படவில்லை.

சாக்குக்கு என் அப்பா. நூல் கடை வைத்திருந்தவர் என்பதால் நூல் மூட்டைச் சாக்குகள் கடையின் பின்கட்டில் மலையாகக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் எந்தச் சரக்கு என்று காட்டும் லாட் அடையாளம் நீல மையில் இருக்கும். முப்பது கேட்டேன். "கல்யாணத்துக்குச் சீர் கேக்கிற மாதிரி கேக்குறா பாரு" என்று அம்மா வீட்டுக்குள் பேசும் எங்கள் பாஷையில் அப்பாவிடம் முனகினாள். ஆனாலும் அப்பா முப்பதையும் உதறி மடித்துக் கொடுத்தார். கிழிந்த ஏழு சாக்குகள் தனியாக மிஞ்சின. அவற்றைத்தான் எங்கள் தெருவைக் கூட்டுகிற அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த அக்காவை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். எங்கள் தெரு உள்பட மூன்று தெரு அவர் பொறுப்பு. நீலப் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, காலில் சோடி சேராத செருப்பு. வளைத்த இரண்டு தகரத்துண்டுகளால் குப்பையை அள்ளித் தள்ளுவண்டியில் போடுவார். அந்தத் தகரம் சிமெண்ட் ரோட்டில் உரசும் சத்தத்தில்தான் நான் தினமும் கண் விழிப்பேன். அம்மா அவருக்குக் காப்பி கொடுப்பாள். காம்பவுண்டு சுவர் மேல் நசுங்கிய அலுமினிய டம்ளர் ஒன்று கவிழ்த்து வைத்திருக்கும். அக்கா அதை நிமிர்த்திக் கையில் பிடிக்க, அம்மா மேலேயிருந்து ஊற்றுவாள். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். வீட்டில் எல்லோரும் அவரைப் பற்றி "அவ வந்தாளா?" என்றுதான் கேட்போம். அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் நான் நோட்டில் 'உழைப்பே உயர்வு' என்று முழக்கம் எழுதினேன்.

வாய் ரொம்ப அவருக்கு. நோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன பாப்பா, படம் போட்டு வச்சிருக்க? ஊருணியா?"

"ஞாயித்துக்கிழமை நாங்க கிளீன் பண்ணப் போறோம்க்கா. நாப்பத்திரெண்டு பேரு."

"ஆத்தீ! எம் பொழப்பப் புடுங்க நாப்பத்திரெண்டு பேரா? நான் ஒருத்தி கூட்டுறதே ஊருக்குப் போதல."

"சும்மா இல்லக்கா. சுகாதார ஆபீசர் வாராரு, சீஃப் கெஸ்ட்டு. போட்டோ எல்லாம் எடுக்கப் போறோம்."

சிரித்துக்கொண்டிருந்தவர் தகரத்தைக் கீழே வைத்தார். "எந்த ஆபீசரு? ஜீப்புல வாரவரா?"

"ஆமாக்கா. எட்டு மணிக்கு."

சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆறு வருசமா டெம்ப்ரவரி பாப்பா நானு. இந்த மாசம் நெரந்தரம் பண்ண லிஸ்டு எடுக்கிறாக. எம் பேரும் இருக்குன்னு மேஸ்திரி சொன்னாரு. கையெழுத்துப் போட வேண்டியவரு அந்த ஆபீசருதான். அவரு வாரப்ப ஊருணி இம்புட்டு நாறிக் கெடந்தா யாரக் கேப்பாரு? என்னையத்தான கேப்பாரு?"

"ஊருணி உங்க பீட்டு இல்லையேக்கா?"

"பேப்பர்ல இல்ல. திட்டு வாங்குறப்ப எல்லாம் எம் பீட்டுதான்."

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? "நீங்க கூட்டிராதீங்கக்கா. எங்களுக்கு வேணும்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "குப்பை வேணுமாம்ல! ஏத்தா, இந்தப் புள்ளயக் கேளு!" என்று உள்ளே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டார். அப்போதுதான் சாக்கையும் கேட்டார். வீட்டுக்கு ஏதோ தேவை போல என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன்.

ஆக, எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி, அவர் வாயாலேயே எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை ஏழு மணி. இந்த இடம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்துப் பேனரைத் தூக்கிக்கொண்டு, பால் கவர் கைகளோடு, முழக்கம் போட்டபடி தெரு முக்கைத் திரும்பினோம். திரும்பியதும் முழக்கம் நின்றது.

ஊருணி பளிச்சென்று கிடந்தது.

நான்கு கரையும் கூட்டி, படிக்கட்டுக்குத் தண்ணீர்கூடத் தெளித்திருந்தது. ஒரு டீ கப் இல்லை. முள்ளில் சுற்றிய கேசட் நாடா இல்லை. ஈரக் கல்லின் மேல் வெளக்குமாற்றுக் கீற்று வரிவரியாக, கோலம் போடுவதற்கு முந்தின வாசல் மாதிரி இருந்தது. சனிக்கிழமை வேலை முடிந்த பிறகும், ஞாயிறு விடியலிலும், ஒற்றை ஆளாக நின்று செய்திருக்கிறார்.

அறிவியல் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரவல் கேமரா, அதோடு வந்த ஒரு கேமராக்காரர், முப்பத்தாறு படம் எடுக்கிற ஃபிலிம் ரோல் ஒன்று. மாவட்டப் போட்டிக்கு 'முன்', 'பின்' என்று போட்டோ ஒட்டி அறிக்கை அனுப்ப வேண்டும். "என்னடா இது? 'பின்' மட்டும்தான் இருக்கு, 'முன்'னுக்கு எங்க போறது?" என்றார். பையன்களில் ஒருவன், "சார், வேற குளம் பாப்பமா?" என்றான். என் நோட்டு. என் வரைபடம். ஒன்றரை மாதம்.

பம்ப் ரூமுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது நான்தான். அங்கே சுவரோரமாக ஏழு சாக்குகள், வாய் கட்டி, வண்டி வரக் காத்திருப்பது போல் வரிசையாக நின்றன. நீல மை லாட் அடையாளம்.

"சார்! இங்க இருக்கு சார்! எங்க வீட்டுச் சாக்குதான் சார்!"

இந்த ஒரு வாக்கியத்தை நான் இத்தனை வருடத்தில் எத்தனை தடவை திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சாக்கு எங்களுடையது என்றால் குப்பையும் எங்களுடையது என்கிற மாதிரி.

சார் ஒரு நிமிஷம் தயங்கினார். அதையும் சொல்ல வேண்டும். "வேணாமே…" என்று இழுத்தார். "எடுத்துட்டுத் திரும்ப அள்ளிடுவோம் சார், ஒத்திகையில பண்ணோம்ல" என்றேன். என் பெஞ்சுக்காரி, டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து சித்தி வீட்டில் தங்கிப் படித்தாளே அவள், என் கையைப் பிடித்தாள்.

"ஏடி, அந்தக்கா விடியக்காலையில இருந்து கூட்டிருக்கும் போலடி. இதப் போயி எதுக்குடி திருப்பிக் கொட்டணும்? ஆபீசர்ட்ட 'அவுக கூட்டிட்டாக'ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போவோம்."

"ஒனக்கு என்னடி தெரியும்? நீ பேனரப் பிடி."

அவள் பேனரைப் பிடிக்கவில்லை. ஓரமாகப் போய் அரசமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். போட்டோவில் அவள் இல்லாததற்கு அதுதான் காரணம். அன்றைக்குக் காய்ச்சல் என்று குரூப்பில் யாரோ எழுதியிருந்தீர்கள். காய்ச்சல் இல்லை.

கொட்டினோம். தூவினோம் என்றே சொல்லலாம், பழகின கை அல்லவா. நோட்டைப் பார்த்துப் பார்த்து, "டீ கப்பு இந்தப் படி, தண்ணி பாக்கெட்டு அந்தப் படி" என்று நான் ஆள் வைத்து வேலை வாங்கினேன். கேசட் நாடாவை முள்ளில் மறுபடி சுற்றச் சொன்னது நானேதான். ஆறு சாக்கு காலி. ஏழாவது கனமாக இருந்தது. அதை நானே இழுத்துக்கொண்டு மேற்குப் படிக்குப் போனேன். கட்டு பாதிதான் அவிழ்ந்தது.

அப்போது அக்கா வந்தார். முகம் கழுவி, தலை வாரி, ஆம்பளைச் சட்டையைக் கழற்றிவிட்டு, மடிப்புக் கலையாத புடவையில். ஆபீசரைப் பார்க்க வீட்டுக்குப் போய் உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார். கரையில் ஏறியவர் நின்றார். கீழே பார்த்தார். பிறகு கையை ஆட்டிக்கொண்டு கத்தியபடி ஓடி வந்தார்.

தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்து சேர்வதற்குள் கொட்டிவிட வேண்டும் என்று சாக்கின் அடியைப் பிடித்துத் தூக்கினேன். அவர் கத்தியது பக்கத்தில் வந்த பிறகுதான் காதில் விழுந்தது.

"பாப்பா, அது வேணாம்! அதுல பூராம் கண்ணாடி! ஊசி கெடக்கு! கைய விடு, கைய விடு!"

மேற்குப் படியின் சில்லு முழுவதையும் ஒரே சாக்கில் தனியாகக் கட்டியிருக்கிறார். என் கையில் இருந்தது பால் கவர். சாக்கின் அடியைக் கிழித்துக்கொண்டு ஒரு பாட்டில் கழுத்து வெளியே வந்த நேரம், அவர் வெறுங்கையால் அதைத் தாங்கிப் பிடித்துச் சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் உள்ளங்கையிலிருந்து ரத்தம் புடவை மடிப்பில் சொட்டியது. "ஒனக்கு ஒன்னும் ஆகலயே?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார். ஏன் கொட்டினாய் என்று கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. ஜீப் வந்துவிட்டது.

ஆபீசர் நல்ல மனிதர்தான். படியில் இறங்கி நின்று நம்மைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். என் தலையில் கை வைத்தார். திரும்பி, கூட வந்த துப்புரவு மேஸ்திரியிடம், "பாருங்கய்யா, பச்சப் புள்ளைங்க வந்து பொறுக்குது. வெக்கமா இல்ல? யாரு இந்த ஏரியா?" என்றார்.

"இந்தம்மாதாங்க சார்."

"நேத்தே கூட்டிட்டேங்க சார்" என்றார் அக்கா. "இன்னைக்கும் விடியக்காலம் வந்து…"

"கூட்டிட்டா இது என்னம்மா?" ஆபீசர் படிகளைக் காட்டினார். "பெர்மனண்ட்டா, டெம்ப்ரவரியா?"

"டெம்ப்ரவரிங்க சார். இந்த லிஸ்டுல பேரு இருக்கு" என்றார் மேஸ்திரி.

"ம்" என்றார் ஆபீசர்.

அக்கா என்னைப் பார்த்தார். 'சொல்லு' என்ற பார்வை இல்லை அது. காட்டிக்கொடுக்கிற பார்வையும் இல்லை. பிள்ளை வாயைத் திறக்குமா என்று வெறுமனே பார்த்தார். எனக்குச் சொல்லத் தெரியாதா? பேச்சுப் போட்டியில் கப் வாங்குகிறவள் நான். மூன்றே வார்த்தை: நாங்கதான் சார் கொட்டினோம். ஆபீசரின் கை இன்னும் என் தலையில் இருந்தது. அறிவியல் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராக்காரர், "இங்க பாருங்க எல்லாரும்" என்றார்.

நான் அங்கே பார்த்துச் சிரித்தேன்.

புதன்கிழமை தெருவில் வேறொரு ஆள் கூட்டிக்கொண்டிருந்தார். டீக்கடையில் நின்ற மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன். "அந்தம்மாவா? லிஸ்டுல பேர அடிச்சாச்சு பாப்பா. வேலையையும் நிப்பாட்டியாச்சு. ஏன், வீட்ல பழைய துணிமணி எதும் குடுக்கணுமா?" என்றார். வீடு எங்கே என்று கேட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ என்று கையை நீட்டினார். பெயரையாவது கேட்டிருக்கலாம். மணி அடித்துவிடும் என்று ஓடிவிட்டேன். புது ஆள் எங்கள் வீட்டுக் காப்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுவரில் டம்ளர் கொஞ்ச நாள் கவிழ்ந்தே கிடந்தது. பிறகு அம்மா அதைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

ஆபீசருக்கு இன்லண்ட் லெட்டரில் ஒரு கடிதம் எழுதினேன். அதிலும் பாருங்கள், எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை எழுதினேன். அறிவியல் சாரிடம் காட்டியபோது அவர் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இது போச்சுன்னா ஸ்கூல் பேரு கெட்டுரும்மா. பரீட்சை வருது, போய்ப் படி" என்றார். அவருக்கு அப்போது முப்பது வயது இருக்குமா? வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவரும் பயந்துதான் இருந்தார் என்று இப்போது புரிகிறது. ஆனால் தபால் பெட்டி எங்கள் தெரு முக்கில்தான் இருந்தது. தினம் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனேன். கடிதம் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் கிடந்தது. பத்தாம் வகுப்பில் அந்த டப்பாவையே தொலைத்துவிட்டேன். நமக்கு மாவட்ட அளவில் பரிசு கிடைத்தது. பிரேயரில் நான்தான் 'தூய்மை' பற்றிப் பேசினேன். நீங்கள் கை தட்டினீர்கள்.

கல்லுப்பட்டித் தோழியை நேற்று நம்பர் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். குரூப்பில் இருந்தும் ஒரு நாளும் பேசாதவள். விஷயத்தைச் சொன்னதும், "அந்தக்காவுக்கு அப்புறம் வேலை கெடச்சுச்சாடி?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "இத்தன வருசத்துல தேடிப் பாத்தியா?" தேடவில்லை என்றேன். "அப்ப நீ லிஸ்ட் போடுறதுன்னா மொத அதப் போடு" என்று வைத்துவிட்டாள்.

அதனால் நோட்டு வாங்கியிருக்கிறேன். கெட் டுகெதருக்கு இல்லை. ஊருணிக்கு நாம் வேண்டியதில்லை. அதைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கூட்டியதை நாம் கொட்டாமல் இருந்தால் போதும். வைகைக்கு வடகரையில் துப்புரவுக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாகப் போய்க் கேட்கப் போகிறேன். பெயர் தெரியாது. வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு இருக்கும், அது மட்டும் தெரியும். உயிரோடு இருந்தால் அறுபதைத் தாண்டியிருக்கும். பார்த்தால் என்ன சொல்வேன் என்று இன்னும் எழுதவில்லை. என்னோடு வருகிறவர்கள் வரலாம்.

வராதவர்கள் அந்தப் போட்டோவையாவது விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். வலது ஓரத்தில், ஜீப்புக்குப் பக்கத்தில், புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஒருவர் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார். பிறகு நம்மைப் பாருங்கள். எல்லோரும் பால் கவர் மாட்டிய கைகளை உயர்த்திக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். ஒருவர் கையிலும் ஒரு கீறல்கூட இல்லை.